எத்தனை பக்கங்கள், எத்தனை ஊற்றுகள்: தேடுபொறிகளும் ஒரு நெய்வேலிக் கேள்வியும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி (லிக்னைட்) எந்த ஆண்டு கண்டறியப்பட்டது என்பது, அந்நகரியத்துப் பள்ளி மாணவர் எவருக்கும் வினாடி வினாப் போட்டியில் எதிர்ப்படக்கூடிய, ஒரே எண்ணில் விடை சொல்லிவிடலாம் என்று தோன்றுகிற கேள்வி. அதையே இணையத்தில் இட்டுத் தேடுபவர் முன் 1930களைச் சொல்லும் பக்கமும், 1940களைச் சொல்லும் பக்கமும், 1956, 1957, 1961 ஆகிய ஆண்டுகளை முன்வைக்கும் பக்கங்களும் அடுத்தடுத்து வந்து நிற்கக்கூடும். ஒரு தேடுபொறியில் முதலில் நிற்கும் பக்கம் மற்றொன்றில் பின்னுக்குப் போவதும், வேறொன்றில் இடம்பெறாமலே விடுபடுவதும் வழக்கமே. இணையம் எல்லாருக்கும் பொதுவானது என்னும்போது அதைத் தேடித் தரும் கருவிகள் ஏன் இப்படி முரண்படுகின்றன, அந்த முரண்பாட்டைத் தேடுபவர் தமக்கு உதவியாக எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற இரண்டும், தேடுபொறியின் உள்ளமைப்பை ஓரளவு அறிந்த பிறகே விளங்கக்கூடியவை.

தேடப்படுவது எது?

தேடல் பெட்டியில் சொற்களை இட்டதும் அந்தக் கணத்தில் இணையம் முழுவதும் துழாவப்படுகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் துழாவப்படுவது, தேடுபொறி நிறுவனம் முன்கூட்டியே தொகுத்துத் தன் கணினிகளில் சேமித்திருக்கும் ஒரு பட்டியல். அதற்கான பக்கங்களைத் திரட்டும் மென்பொருளுக்குத் 'தவழி' என்று பெயர்; அது ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக்கொண்டு, அவை காட்டும் பக்கங்களுக்குச் சென்று, அங்கும் அவ்வாறே செய்து, தளம் தளமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் 1990 இல் உருவாக்கிய 'ஆர்ச்சி' கோப்புகளின் பெயர்களை மட்டுமே திரட்டியது. 1994 இல் பிரையன் பிங்கர்டன் உருவாக்கிய 'வெப்கிராலர்' பக்கங்களின் முழு வாசகத்தையும் திரட்டியது. இன்றைய தேடுபொறிகள் பின்பற்றுவது இவ்விரண்டாவது வழியை.

திரட்டிய பக்கங்கள் பிறகு 'தலைகீழ்ச் சொல்லடைவு' ஆக மாற்றப்படுகின்றன. ஒரு பக்கத்தில் என்னென்ன சொற்கள் உள்ளன என்று எழுதி வைப்பதற்கு மாறாக, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில், எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எழுதி வைப்பதே இதன் அமைப்பு. தமிழாய்வாளர்களுக்கு இது புதிதன்று; புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு இதே வகையைச் சேர்ந்தது. 'நெய்வேலி', 'லிக்னைட்' என்னும் இரு சொற்களை ஒருவர் இட்டால், தேடுபொறி இரு சொற்களுக்கும் உரிய பக்க எண் வரிசைகளை எடுத்து, இரண்டிலும் பொதுவாக உள்ளவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நொடிக்கும் குறைவான நேரத்தில் விடை வருவதன் காரணம் இதுவே.

ஆகவே, சொல்லடைவில் இடம்பெறாதது அந்தத் தேடுபொறியைப் பொறுத்தவரை இல்லாததே. எந்தப் பக்கமும் இணைப்புக் கொடுக்காத பக்கத்தைத் தவழி அறிய வாய்ப்புக் குறைவு. தவழிகள் நுழைய வேண்டாம் என்று தளத்தார் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும் மரபு 1994 முதல் உண்டு. முறையாக நடந்துகொள்ளும் தவழிகள் அதை மதித்து விலகிவிடுகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' போன்ற தரவுத்தளங்களில், படிவத்தை நிரப்பிக் கேட்டால் மட்டுமே தகவல் திரண்டு வருகிறது என்பதால், அவற்றின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி பொதுத் தேடுபொறிகளின் பார்வைக்கு எட்டுவதில்லை. படமாக வருடப்பட்டு, எழுத்துகளாக மாற்றப்படாத பழைய அறிக்கைகளின் நிலையும் இதுதான்.

வரிசையை அமைப்பது எது?

பொருந்தும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது எதை முதலில் காட்டுவது என்பது அடுத்த சிக்கல். இதற்கான அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றைப் பிரிட்டனைச் சேர்ந்த கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972 இல் வெளியிட்டார்: ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவுக்கு அது ஓர் ஆவணத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஆற்றல் உடையது. 'நெய்வேலி சுரங்கம் ஆர்டீசியன்' என்று தேடினால், எங்கும் பரவியுள்ள 'சுரங்கம்' என்னும் சொல்லைக் காட்டிலும், அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்துடன் அடைபட்டு, துளையிட்டால் தானே மேலெழும் நிலத்தடி நீரைக் குறிக்கும் 'ஆர்டீசியன்' என்னும் அரிய சொல்லே தேடலைத் திசைப்படுத்துகிறது. லிக்னைட் படிவத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்தும் இந்நீரை ஓயாது இறைத்தால்தான் நெய்வேலியில் சுரங்கம் தோண்ட இயலும் என்பதால், அவ்வூர் பற்றிய நிலவியல் எழுத்துகளில் இச்சொல் தவறாமல் வரும். 'நெய்வேலித் தண்ணீர்' என்று மட்டும் தேடுபவருக்கோ குடிநீர்ச் செய்திகளே முன்னால் வந்து நிற்கும்.

இரண்டாவது கருத்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வகுத்து 1998 இல் வெளியிட்ட 'பேஜ்ரேங்க்' என்னும் மதிப்பீட்டு முறை. ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் கொடுக்கும் இணைப்புகளை வாக்குகளாகக் கருதி, வாக்களிக்கும் பக்கமே பலரால் இணைக்கப்பட்டதாக இருந்தால் அதன் வாக்குக்குக் கூடுதல் எடை கொடுத்து, பக்கங்களின் மதிப்பை அது கணக்கிடுகிறது. கூகுளின் தொடக்கக் கால வெற்றிக்கு இதுவே அடித்தளம். பக்கத்தின் புதுமை, தேடுபவர் இருக்கும் ஊர், அவர் பயன்படுத்தும் மொழி, சொற்களின் பொருள் நெருக்கம் எனப் பல அளவுகள் பின்னர் சேர்ந்துகொண்டன. இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்து மறைத்தும் வைத்திருக்கிறது.

இணைப்புகளின் எண்ணிக்கை ஒரு பக்கத்தின் புகழை அளக்குமே அன்றி, அதிலுள்ள கூற்றின் உண்மையை அளப்பதில்லை. நெய்வேலி லிக்னைட் ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசீன் காலத்தைச் சேர்ந்தது என்பது நெடுங்காலமாகப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ள கருத்து. படிவத்தில் உள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோருள் சிலர் அதை மேலும் பழைய இயோசீன் காலத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். பழைய கருத்து பல பக்கங்களில் படியெடுக்கப்பட்டு, பல இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டிருப்பதால் தேடல் வரிசையில் அது முந்துவது இயல்பு. இரண்டில் எது சரி என்பதை மகரந்தத் துகளே தீர்மானிக்க வேண்டியிருக்க, வரிசையின் முதலிடத்தைக் கண்டு அமைதி அடைபவருக்கு அப்படி ஒரு விவாதம் இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

விடுபட்டதை அளந்த விதம்

ஒரு தேடுபொறி இணையத்தில் எவ்வளவு பகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? இணையத்தின் மொத்த அளவே தெரியாதபோது பங்கைக் கணக்கிட இயலாது என்று தோன்றும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த என்.இ.சி. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் லாரன்ஸ், லீ கைல்ஸ் இருவரும் 1998 இல் இதற்குக் கையாண்ட வழி, ஏரியிலுள்ள மீன்களை எண்ணும் வழியை ஒத்தது. நெய்வேலியை அடுத்த பெருமாள் ஏரியில் 100 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிட்டு, அவை நன்கு கலந்த பிறகு மீண்டும் 100 மீன்களைப் பிடிக்கும்போது, அவற்றில் 20 மீன்கள் அடையாளம் உடையவையாக இருந்தால், முதலில் பிடித்தவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றும், ஏரியில் சுமார் 500 மீன்கள் இருக்கலாம் என்றும் கொள்ளலாம். அவ்வாறே இரு தேடுபொறிகளிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒன்றின் விடைகளில் எவ்வளவு பகுதி மற்றொன்றிலும் உள்ளது என்று எண்ணினால், காணப்படாத பகுதியின் அளவு கிட்டிவிடும்.

அன்று முன்னணியில் இருந்த ஹாட்பாட், ஆல்டாவிஸ்டா முதலிய ஆறு தேடுபொறிகளை இவ்வாறு ஒப்பிட்டபோது, இணையம் குறைந்தது 32 கோடிப் பக்கங்கள் கொண்டது என்றும், எந்த ஒரு தேடுபொறியும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கவில்லை என்றும் தெரியவந்தது. 'குறைந்தது' என்ற சொல்லை அவர்கள் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு முறையும் ஒரே இரையைப் போட்டால், இரைக்கு முந்தும் மீன்களே இரண்டு முறையும் சிக்கி, அடையாளம் உடையவை மிகுந்து, ஏரி சிறியதாகத் தோன்றிவிடும். தேடுபொறிகளும் பலரால் இணைக்கப்பட்ட புகழ்பெற்ற பக்கங்களையே முதலில் பிடிப்பதால், அவற்றின் பொது விடைகள் மிகுந்து இணையம் உள்ளதைவிடச் சிறியதாகக் காட்சியளிக்கும். 1999 இல் அவர்களே இணைய முகவரி எண்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் வேறொரு வழியைக் கையாண்டபோது, பக்கங்களின் எண்ணிக்கை சுமார் 80 கோடி என்றும், எந்தத் தேடுபொறியின் பங்கும் ஏறத்தாழ 16 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றும் கண்டனர். எண்கள் பழையவை ஆகிவிட்டன. ஆனால், ஒத்துப்போகும் இரு சான்றுகளின் மதிப்பு அவை ஒன்றையொன்று சாராதிருப்பதைப் பொறுத்தது என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை.

பெயர் பல, சொல்லடைவு சில

இவ்வடிப்படையை இன்றைய தேடுபொறிகளுக்குப் பொருத்திப் பார்த்தால் எதிர்பாராத ஓர் உண்மை புலப்படுகிறது. கூகுள், 2009 இல் மைக்ரோசாஃப்ட் தொடங்கிய பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு, 2021 இல் வந்த பிரேவ் தேடல், பிரிட்டனின் மோஜீக் ஆகியவை தமக்கெனத் தவழியும் சொல்லடைவும் வைத்திருப்பவை. யாகூவும் டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கின் சொல்லடைவைச் சார்ந்தவை. ஸ்டார்ட்பேஜ் பெரிதும் கூகுளின் விடைகளையே, தேடுபவரின் அடையாளத்தை மறைத்துப் பெற்றுத் தருவது. ஆகவே பிங், யாகூ, டக்டக்கோ மூன்றிலும் ஒரே விடை வந்தது என்று மகிழ்பவர் பெற்றிருப்பது பெரும்பாலும் ஒரே சாட்சியின் வாக்குமூலத்தை மும்முறை. தனித்தனிச் சொல்லடைவு உடைய இரண்டை, எடுத்துக்காட்டாகக் கூகுளையும் பிரேவையும், ஒப்பிடுவது இதைவிடப் பயன் தரும்.

இதே சார்பு பக்கங்களுக்கு இடையிலும் உண்டு. ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் உள்ள ஆண்டைப் பத்துத் தளங்கள் எடுத்து எழுதியிருந்தால், பதினொரு பக்கங்கள் இருந்தும் ஊற்று ஒன்றுதான். அவை ஒரே தொடரை, ஒரே பிழையை, ஒரே வரிசையில் அமைந்த தகவல்களைக் கொண்டிருப்பது அதற்கான தடயம். ஐயத்துக்குரிய தொடரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடினால், அத்தொடர் மாறாமல் உள்ள பக்கங்கள் திரண்டு வந்து அந்த உறவைக் காட்டிக்கொடுத்துவிடும். செயற்கை அறிவுக் கருவிகள் தேடல் பக்கத்தின் தலையில் தரும் சுருக்க விடை, பல பக்கங்களைக் கலந்து ஒரே குரலில் பேசுவதால் இந்தத் தடயத்தை எளிதில் மறைத்துவிடுகிறது. அதன் கீழே உள்ள இணைப்புகளைத் திறந்து மூலத்தைப் படிக்காமல் அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

தமிழில் தேடுவதன் தனிச் சிக்கல்கள்

நெய்வேலியில், நெய்வேலிக்கு, நெய்வேலியின் என்று வேற்றுமை உருபுகள் ஒட்டி நிற்கும் தமிழில், ஒரு பெயர் பல வடிவங்களில் சொல்லடைவில் பதிவாகிறது. அவ்வடிவங்களை ஒரே வேர்ச்சொல்லுக்குக் கீழ்க் கொண்டுவரும் திறன் எல்லாத் தேடுபொறிகளுக்கும் ஒரே அளவில் இல்லை என்பதால், உருபு நீங்கிய வடிவம், உருபு ஏற்ற வடிவம் இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்லது. எழுத்து வேறுபாடு மற்றொன்று: 1993 இல் பிரிக்கப்பட்ட பழைய மாவட்டத்தின் பெயர் தென்னாற்காடு, தென் ஆற்காடு, தென்னார்க்காடு என்று மூவிதமாகவும் எழுதப்படுகிறது. இன்றைய கடலூர் மாவட்டத்தின் பெயரைக் கொண்டு மட்டும் தேடுபவருக்கு, நெய்வேலி உருவான காலத்து ஆவணங்கள் அகப்படாமல் போக இதுவே போதும்.

மூன்றாவது சிக்கல் குறிமுறை பற்றியது. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. யூனிகோடு 1991 இல் தமிழையும் உள்ளடக்கியே வந்தபோதிலும், அது பரவலாகும் வரை பல தளங்கள் டிஸ்கி, பாமினி போன்ற வேறு குறிமுறைகளில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இருந்தால் கண்ணுக்கு 'நெய்வேலி' என்றே தெரியும் சொல், உள்ளே வேறு எண்களாக இருப்பதால், யூனிகோடில் இடும் கேள்வியோடு பொருந்தாமல் நின்றுவிடுகிறது. அக்காலத் தமிழ்ப் பக்கங்களை நேரடித் தேடலில் காண முடியாதபோது, 1996 இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்தில் தளத்தின் முகவரியைக் கொடுத்துப் பழைய படிகளைத் திறப்பது ஒரு மாற்று வழி.

கேள்வியைப் பிரித்தல்

தேடலின் தரத்தை அளக்கும் முறை, இணையத்துக்கு வெகுமுன்பே இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் உருவானது. அங்கிருந்த வானூர்தியியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளவர்டன் 1960களில் 1,400 ஆவணங்களை வைத்து நடத்திய சோதனைகளின் வழியே இரு அளவுகள் நிலைபெற்றன. கிடைத்தவற்றுள் பயனுள்ளவை எவ்வளவு என்பது 'துல்லியம்'. பயனுள்ளவை அனைத்திலும் கிடைத்தவை எவ்வளவு என்பது 'மீட்பு'. பொதுவாக ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. மேற்கோள் குறி, வேண்டாத சொல்லை விலக்கும் கழித்தல் குறி, குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேடும் கட்டளை ஆகியவை துல்லியத்தைக் கூட்டுபவை. 'நெய்வேலி' என்று தேடும்போது கருநாடக இசைக் கலைஞர் நெய்வேலி சந்தானகோபாலன் பற்றிய பக்கங்களை விலக்க ஒரு கழித்தல் குறி போதும். லிக்னைட், பழுப்பு நிலக்கரி, என்.எல்.சி. எனப் பல பெயர்களை மாற்றி மாற்றி இடுவதும், வேறு சொல்லடைவுக்கு மாறுவதும் மீட்பைக் கூட்டுபவை.

இக்கருவிகளுடன் முதற்கேள்விக்குத் திரும்பினால், 'கண்டறியப்பட்டது' என்னும் ஒரு சொல்லுக்குள் பல நிகழ்வுகள் அடங்கியிருப்பது தெரியவரும். 1880களில் புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோதே லிக்னைட் தென்பட்டிருந்தது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு துளைத்தபோது கரிய பொருள் வெளிப்பட்டது 1930களின் நடுப்பகுதியில். நிலவியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டு ஆராய்ந்தது 1943 முதல் 1946 வரை. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) நிறுவனமாகப் பதிவானது 1956 நவம்பர் 14 அன்று. சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தது 1957 மே 20 அன்று. மேல்மண் முழுவதும் அகற்றப்பட்டு லிக்னைட் படிவம் வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். முரண்பட்டவையாகத் தோன்றிய ஆண்டுகளில் பெரும்பாலானவை வெவ்வேறு கேள்விகளுக்கான சரியான விடைகளே. அவற்றை ஒரே கேள்வியின் கீழ் அடுக்கியது தேடுபவர் இட்ட சொல்.

அடுத்த படி, கிடைத்த நல்ல பக்கம் ஒன்றிலிருந்து புதிய சொற்களைப் பெற்று மீண்டும் தேடுவது. 1950களில் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் நெய்வேலிக்குத் திட்ட அறிக்கை தயாரித்தது என்ற செய்தி ஒரு பக்கத்தில் அகப்பட்டால், அந்நிறுவனப் பெயரையும் தென்னாற்காட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து இடும் அடுத்த தேடல், நினைவுக் குறிப்புகளைத் தாண்டி அக்காலத்து ஆவணங்களின் பக்கம் திரும்பிவிடும். நாடாளுமன்ற மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலியவற்றை அவற்றின் உள்ளேயே சென்று தேடுவதும் இக்கட்டத்தில் தேவை. பக்கம் எழுதப்பட்ட தேதியும் கவனத்துக்குரியது: 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல்மின் நிலையத்தையும் சேர்த்து நெய்வேலியின் மின் உற்பத்தித் திறனைக் கூறும் பக்கம், அந்நிலையம் 2020 இல் மூடப்படும் வரை சரியாக இருந்து, அதன் பின் தவறாகிவிட்டது.

எப்போது தேடலை நிறுத்தலாம் என்பதற்கும் லாரன்ஸ், கைல்ஸ் கையாண்ட கணக்கே வழிகாட்டுகிறது. புதிய தேடலில் கிடைப்பவை பெரும்பாலும் முன்பே படித்த பக்கங்களாகவோ, முன்பே அறிந்த ஊற்றிலிருந்து படியெடுத்தவையாகவோ இருந்தால், கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்த முடிவு செல்லுபடியாவதற்கு, இரண்டாவது தேடல் வேறு சொல்லடைவில், வேறு சொற்களைக் கொண்டு, கூடுமானால் வேறு மொழியிலும் நடந்திருக்க வேண்டும்; அதே பெட்டியில் அதே சொற்களைத் திரும்ப இட்டு அதே விடையைப் பெறுவது அந்தத் தேடுபொறி மாறவில்லை என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும்.